வாடகைக்கு விட வீடு வாங்குவது: முதல் முறை வாங்குகிறவர்களுக்கும் கடல் கடந்து வாங்குகிறவர்களுக்கும்

வாடகைக்கு விடுவதற்காக வீடு வாங்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்த இடத்தில் விலை ஏறும்?" என்பதுதான். அதற்கு உறுதியான பதில் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் வாடகை எவ்வளவு வரும், செலவு எவ்வளவு போகும் என்பதை வாங்குவதற்கு முன்பே பெருமளவு கணக்கிட்டுவிடலாம். அதனால் நான் சொல்வது இதுதான்: பத்து ஆண்டுகளுக்கு விலை ஏறவே ஏறாது என்று வைத்துக்கொண்டாலும் தாக்குப்பிடிக்கிற வீட்டைத்தான் முதல் வீடாக வாங்க வேண்டும். விலை ஏறினால் அது மேல்வரும்படி. வெளிநாட்டில் வாங்குவதானால் இன்னொரு நிபந்தனையும் சேரும். போட்ட பணம் எந்த வழியாகத் திரும்பி வரும் என்பது தெரிந்த பிறகுதான் போட வேண்டும்.

வீடு தேடுவதற்கு முன்

கடன் அட்டை, தனிநபர் கடன் போன்ற அதிக வட்டிக் கடன் பாக்கி இருந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள். அந்த வட்டிக்கு ஈடான வருமானத்தைத் தரும் வாடகை வீடு கிடைப்பது அரிது. குடும்பத்தின் அவசரச் சேமிப்பை வீட்டுக்கான பணத்தோடு கலக்காதீர்கள். ஆறு மாதம் ஒரு காசு வாடகை வராவிட்டாலும் தவணையும் பராமரிப்பும் கட்டக்கூடிய அளவுக்கு, முன்பணம் கொடுத்து முடித்த பிறகும் கையில் பணம் மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லை என்றால் இன்னும் ஓராண்டு சேமிப்பதே நல்லது. அவசரத்தில் விற்க நேர்கிற வீடுதான் பெரும் நஷ்டத்தில் போகிறது.

பிறகு வங்கிக்குச் செல்லுங்கள். வீட்டைப் பிடித்துவிட்டுக் கடனைத் தேடினால் பேரத்தில் உங்கள் கை தாழ்ந்துவிடும். எவ்வளவு கிடைக்கும், வட்டி நிலையானதா மாறுவதா, முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். தானே குடியிருக்கும் வீட்டுக்கான கடனும் வாடகைக்கு விடும் வீட்டுக்கான கடனும் பல நாடுகளில் வெவ்வேறு. இரண்டாவதற்கு வட்டியும் முன்பணமும் கூடுதலாக இருப்பது வழக்கம். வட்டி குறைகிறதே என்று, "நானே குடியிருக்கப் போகிறேன்" எனச் சொல்லிக் கடன் வாங்கி வாடகைக்கு விடுவது ஒப்பந்த மீறல். வங்கி முழுத் தொகையையும் உடனே திருப்பிக் கேட்கலாம். வீட்டுக் காப்பீடும் அதே காரணத்தால் செல்லாமல் போகலாம்.

கணக்கு: 6 எப்படி 3 ஆகிறது

தரகரும் விளம்பரமும் சொல்வது மொத்த வருமான விகிதம், அதாவது ஆண்டு வாடகையை விலையால் வகுத்தது. ஒரு வீட்டின் விலை 2,00,000, மாத வாடகை 1,000 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டு நாணயமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். ஆண்டுக்கு 12,000 வருகிறது, அதாவது 6 சதவீதம். கேட்கவே நன்றாக இருக்கிறது.

இப்போது செலவுக்கு வருவோம். முத்திரைத் தீர்வை, பதிவு, வழக்கறிஞர் எல்லாம் சேர்த்து 6 சதவீதம் என்றால் 12,000. குடிவைப்பதற்கு முன் செய்ய வேண்டிய பழுதுபார்ப்பு, வண்ணம் ஆகியவற்றுக்கு 4,000. ஆகவே உங்கள் உண்மையான முதலீடு 2,16,000. ஆண்டுச் செலவுகள் இப்படி இருக்கலாம்:

- ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் 1,000
- உங்களுக்காக வீட்டைப் பார்த்துக்கொள்ளும் நிர்வாகிக்கு, வசூலாகும் வாடகையில் 10 சதவீதம்: 1,100
- பழுதுகளுக்காக ஒதுக்குவது 1,200
- காப்பீடு 400
- சொத்து வரி 900
- குடியிருப்புச் சங்கத்தின் பராமரிப்புக் கட்டணம் 1,000

மொத்தம் 5,600. மிஞ்சுவது 6,400. அதை 2,16,000ஆல் வகுத்தால் 3 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. விளம்பரத்தில் இருந்த 6 பாதியாகிவிட்டது. இன்னும் வருமான வரிக்கும் கடனுக்கும் நாம் வரவேயில்லை.

விலையில் 25 சதவீதத்தை, அதாவது 50,000ஐக் கையிலிருந்து போட்டு, மீதி 1,50,000ஐ 6 சதவீத வட்டியில் 25 ஆண்டுகளுக்குக் கடனாக வாங்குகிறீர்கள் என்போம். மாதத் தவணை சுமார் 966. ஆண்டுக்கு ஏறத்தாழ 11,600. வீடு தரும் நிகர வருமானமோ 6,400. ஆக ஆண்டுக்கு 5,200, மாதத்துக்கு 430க்கு மேல் உங்கள் சம்பளத்திலிருந்து போட வேண்டும். வட்டி 8 சதவீதத்துக்கு ஏறினால் தவணை 1,158 ஆகும், மாதம் விழும் துண்டு 620ஐத் தாண்டும். தவணையில் ஒரு பகுதி அசலைக் குறைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் இந்த வீட்டில் முதல் ஆண்டு வட்டி மட்டுமே ஏறத்தாழ 9,000. வட்டியைக்கூட வாடகை கட்டவில்லை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. நிகர வருமான விகிதம் கடன் வட்டியைவிடக் குறைவாக இருக்கும்போது, எவ்வளவு கூடுதலாகக் கடன் வாங்குகிறோமோ அவ்வளவு கூடுதலாக மாதந்தோறும் இழக்கிறோம். "மற்றவர் பணத்தில் சொத்து சேர்க்கலாம்" என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். அந்தத் துண்டை விலையேற்றம் ஈடுகட்டும் என்று நம்புவது பந்தயம். பந்தயம் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் முதல் வீட்டில் வேண்டாம்.

இதே கணக்கைத் திருப்பியும் போடலாம். நிகரமாக வரும் 6,400 எவ்வளவு கடனைத் தாங்கும்? 6 சதவீதத்தில் 25 ஆண்டுக்குச் சுமார் 82,000. அப்படியானால் மீதி 1,18,000ஐக் கையிலிருந்து போட முடியுமா, அல்லது விலை குறைய வேண்டுமா, அல்லது வேறு வீடா என்று முடிவு செய்யலாம். தரகரிடம் பேசுவதற்கு முன் இந்த எண் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

கழிக்கும் செலவுகளில் பலரும் விட்டுவிடுவது இரண்டு. ஒன்று, காலி மாதம். "என் வீடு காலியாகவே இருக்காது" என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மற்றது, தானே நிர்வகிப்பதால் நிர்வாகக் கட்டணம் வராது என்ற எண்ணம். உங்கள் நேரத்துக்கும் விலை உண்டு. ஊர் மாறினாலோ உடல்நலம் குன்றினாலோ அந்தக் கட்டணம் வரத்தான் செய்யும். இப்போதே அதைக் கழித்துப் பாருங்கள்.

இடமும் வீடும்

முதல் வீடு நீங்கள் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய இடத்தில் இருக்கட்டும். வெளிநாட்டில் வாங்குவதே உங்கள் திட்டமாக இருந்தாலும், முதலில் பக்கத்தில் ஒரு வாடகைதாரரோடு ஓரிரு ஆண்டு பழகிவிட்டுப் போங்கள் என்பது என் உறுதியான கருத்து. எது சிறிய பழுது, எது பெரிய பழுது, நிர்வாகி சொல்லும் செலவு நியாயமா என்பதெல்லாம் அந்தப் பழக்கத்தில்தான் பிடிபடும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அங்கே யார் வாடகைக்கு வருகிறார்கள் என்று பாருங்கள். ஒரே தொழிற்சாலையையோ ஒரே கல்லூரியையோ நம்பியிருக்கும் பகுதியில் வாடகை உயர்வாக இருக்கலாம். அது மூடப்பட்டால் தெருவே காலியாகும். மருத்துவமனை, பள்ளி, பல நிறுவனங்கள், பஸ் அல்லது ரயில் வசதி என்று பல காரணங்களுக்காக மக்கள் வந்து தங்கும் இடம் பாதுகாப்பானது.

வாடகை எவ்வளவு வரும் என்பதை விற்பவரின் தரகரிடம் கேட்காதீர்கள். அதே பகுதியில் அதே அளவு வீடுகளுக்கான வாடகை விளம்பரங்களைச் சில வாரங்கள் தொடர்ந்து குறித்து வையுங்கள். எந்த விளம்பரம் இரண்டு நாளில் மறைகிறது, எது மாதக்கணக்கில் நிற்கிறது, எது வாடகையைக் குறைத்துக்கொண்டே வருகிறது என்பதைப் பார்த்தால் சந்தை உங்களுக்குத் தானாகவே புரியும். சீக்கிரம் மறையும் விளம்பரங்களின் வாடகைதான் உங்கள் கணக்குக்கு உரியது.

வீட்டைப் பார்க்கப் போகும்போது அழகைப் பிறகு பாருங்கள். சமையலறைக் குழாயையும் குளியலறைக் குழாயையும் ஒரே நேரத்தில் முழுதாகத் திறந்துவிட்டு, தண்ணீரின் வேகம் எவ்வளவு குறைகிறது, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று நின்று கவனியுங்கள். கழுவுதொட்டிக்குக் கீழுள்ள அலமாரியைத் திறந்து அடிப்பலகையைக் கையால் தடவுங்கள். பலகை உப்பியிருந்தால் நெடுநாள் ஒழுகியிருக்கிறது. அறை முழுக்க மங்கிய வண்ணம் இருக்க, கூரையின் ஒரு மூலை மட்டும் புதுப்பூச்சோடு பளிச்சென்று இருந்தால் அதன் நேர் மேலே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். மேல்வீட்டுக் குளியலறையாக இருக்கும். மழை பெய்யும் நாளில் ஒரு முறையும், எல்லோரும் வீட்டில் இருக்கும் இரவு நேரத்தில் ஒரு முறையும் போய்ப் பாருங்கள். இவை தவிர, கட்டடத்தைச் சோதிக்கும் தகுதியுள்ள ஒருவரையும் கூலி கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். அவரை விற்பவரோ தரகரோ அனுப்பியிருக்கக் கூடாது.

அடுக்குமாடிக் குடியிருப்பானால் சங்கத்தின் கடந்த மூன்று ஆண்டுக் கூட்டக் குறிப்புகளையும் வரவு செலவையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். லிப்ட் மாற்றுவது, மொட்டைமாடி நீர்க்கசிவு, வெளிச்சுவர்ப் பழுது என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது, சங்கத்தின் கையிருப்போ காலி என்றால் அந்தச் செலவில் உங்கள் பங்கு சீக்கிரமே வரும்.

பத்திரமும் பதிவும்

சொத்துரிமையை உறுதிசெய்யும் முறை நாட்டுக்கு நாடு மாறும். ஆஸ்திரேலியாவில் 1858இல் தொடங்கிய டோரன்ஸ் முறையைப் பின்பற்றும் நாடுகளில் அரசுப் பதிவேடே உரிமைக்கு உத்தரவாதம். அமெரிக்காவில் பழைய பத்திரங்களைத் தேடிப் பார்த்து, அதன்மேல், உரிமையில் சிக்கல் வந்தால் ஈடு தரும் உரிமைக் காப்பீடும் எடுக்கிறார்கள். ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின் போன்ற நாடுகளில் நோட்டரி எனப்படும், அரசு நியமித்த சட்ட அலுவலர் முன்னிலையில்தான் விற்பனை நடக்கும். அங்கே முதல் முறை வாங்குகிறவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. நோட்டரி இரு தரப்புக்கும் பொதுவானவர், உங்களுக்காக வாதாட வந்தவர் அல்லர். உங்கள் நலனைப் பார்க்கத் தனியாக ஒரு வழக்கறிஞர் வேண்டும். எந்த நாடானாலும் அந்த வழக்கறிஞரை நீங்களே தேடிக்கொள்ளுங்கள். கட்டுமான நிறுவனம் "எங்கள் வழக்கறிஞர் இருக்கிறார், செலவு மிச்சம்" என்று சொன்னால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

பணம் அனுப்பும் நாளில் கூடுதல் கவனம் வேண்டும். வழக்கறிஞரின் மின்னஞ்சல் போலவே ஒன்றை உருவாக்கி, "வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது" என்று அனுப்பி முழுத் தொகையையும் பறிப்பது உலகெங்கும் நடக்கும் மோசடி. கணக்கு எண்ணை, உங்களிடம் முன்பே இருக்கும் தொலைபேசி எண்ணுக்கு நீங்களே அழைத்துச் சரிபாருங்கள். வந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்கு அழைக்காதீர்கள்.

குடிவைத்த பிறகு

வாடகைதாரரின் வருமானத்துக்குச் சான்று பாருங்கள். முன்பு குடியிருந்த வீட்டு உரிமையாளரிடம் பேசுங்கள். இப்போதைய உரிமையாளரின் சொல்லைவிட அதற்கும் முந்தையவரின் சொல் நம்பத்தகுந்தது. ஏனென்றால் தொல்லை தரும் ஒருவரை அனுப்பிவைக்க இப்போதையவர் நல்லபடியாகச் சொல்லக்கூடும். மதம், சாதி, இனம், நாடு பார்த்து மறுப்பது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாத இடத்திலும் அது அநீதி. வாடகையை ஒழுங்காகக் கட்டும் ஒருவரைக் கைநழுவ விடுவதும்கூட.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். சாவி கொடுக்கும் நாளில் ஒவ்வோர் அறையையும், சுவர், தரை, மின்கருவிகள், மீட்டர் அளவு உட்பட, தேதி தெரியும்படி படமெடுத்து இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் தொகையைப் பற்றிய பெரும்பாலான சண்டைகளை அந்தப் படங்களே தீர்த்துவைக்கும். அந்தத் தொகை உங்களுடையது அல்ல, திருப்பித் தர வேண்டியது. அதைத் தனிக் கணக்கில் வையுங்கள். ஜெர்மனியில் அட்வான்ஸ் மூன்று மாத அடிப்படை வாடகையைத் தாண்டக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அங்கே ஏற்கெனவே குடியிருப்பவருக்கு மூன்று ஆண்டுகளில் 20 சதவீதத்துக்கு மேல் வாடகையை உயர்த்த முடியாது. வீட்டுத் தட்டுப்பாடு உள்ள பகுதிகளில் அந்த வரம்பு 15 சதவீதம். நீங்கள் வாங்கும் இடத்தில் வாடகை உயர்வு, காலி செய்யச் சொல்வது, அட்வான்ஸ் ஆகிய மூன்றையும் பற்றிய சட்டம் என்ன என்பதை வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள். வருமானக் கணக்கே அதைப் பொறுத்து மாறும்.

பழுது என்று அழைப்பு வந்தால் அன்றே பதில் சொல்லுங்கள். ஒழுகும் குழாயை மூன்று வாரம் தள்ளிப்போடுகிறவர் நல்ல வாடகைதாரரை இழப்பார், பிறகு ஒரு மாதக் காலி வாடகையும் புது வண்ணமும் தரகர் கட்டணமும் கொடுத்து அடுத்தவரைத் தேடுவார். அந்தச் செலவுக் கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். அங்கே ஒரு குடும்பம் வாழ்கிறது, அவர்களுக்கு அதுதான் வீடு. இதை மறக்காதவர்களே இந்தத் தொழிலில் நீண்ட நாள் நிம்மதியாக இருக்கிறார்கள்.

நாள் வாடகைக்கு விட்டால் மூன்று மடங்கு வரும் என்று கணக்குக் காட்டுகிறவர்களிடம், சட்டம் அனுமதிக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நியூயார்க் நகரம் 2023 செப்டம்பர் முதல் பதிவு இல்லாத குறுகிய கால வாடகையைத் தடுத்து வருகிறது. சுற்றுலா வீடுகளுக்கான உரிமங்களை 2028 நவம்பருக்குப் பின் புதுப்பிக்கப் போவதில்லை என்று பார்சிலோனா 2024இல் அறிவித்தது. சிங்கப்பூரில் தனியார் வீடுகளை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடவே முடியாது. நீண்ட கால வாடகையிலும் கணக்கு தாங்கும் வீடு என்றால் மட்டும் அந்தப் பக்கம் போகலாம்.

எல்லை தாண்டி வாங்கும்போது

இங்கே கேள்விகளின் வரிசை மாறுகிறது. முதல் கேள்வி, நான் அங்கே வாங்கலாமா என்பது. கனடா 2023 ஜனவரி 1 முதல் வெளிநாட்டவர் குடியிருப்பு வீடுகள் வாங்குவதைப் பெருமளவு தடை செய்து, அந்தத் தடையை 2027 ஜனவரி 1 வரை நீட்டித்தது. ஆஸ்திரேலியா 2025 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை, ஏற்கெனவே கட்டிக் குடியிருந்த வீடுகளை வெளிநாட்டவர் வாங்குவதற்குச் சில விலக்குகளோடு தடை விதித்தது. சிங்கப்பூரில் வாங்கலாம், ஆனால் 2023 ஏப்ரல் 27 முதல் வெளிநாட்டவர் விலையில் 60 சதவீதம் கூடுதல் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். இங்கிலாந்தில் வெளிநாட்டில் வசிப்பவருக்கு 2 சதவீதம் கூடுதல். வேறு வீடு ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு அதன்மேல் இன்னொரு 5 சதவீதம். தாய்லாந்தில் நிலம் பொதுவாக வாங்க முடியாது. அடுக்குமாடிக் கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரைதான் வெளிநாட்டவர் கையில் இருக்கலாம். மெக்சிகோவில் கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள்ளும் எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள்ளும் ஒரு வங்கியின் அறக்கட்டளை வழியாகத்தான் வாங்க முடியும். சட்டம் தடுக்கிற இடத்தில், "உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். பினாமியிடம் போன பணத்தை மீட்க நீதிமன்றமும் பெரும்பாலும் உதவாது.

இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் வாரத்தில் அந்த நாட்டு அரசின் இணையதளத்திலேயே ஒரு முறை சரிபாருங்கள்.

இரண்டாவது கேள்வி, பணம் போகும் வழியும் திரும்பும் வழியும். இந்தியாவில் வசிப்பவர் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். மறுதிசையில், வெளிநாட்டில் வாழும் இந்தியர் இந்தியாவில் வீடும் வணிகக் கட்டடமும் வாங்கலாம். விவசாய நிலமும் பண்ணை வீடும் தோட்டமும் வாங்க முடியாது. அவர்களின் இந்திய வருமானம் வந்து சேரும் என்ஆர்ஓ வங்கிக் கணக்கில் உள்ள பணத்தை, வரி கட்டிய சான்றுகளோடு, நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை வெளியே எடுத்துச் செல்லலாம். தாய்லாந்தில், வீட்டுக்கான பணம் வெளிநாட்டு நாணயமாக உள்ளே வந்தது என்பதற்கான வங்கிச் சான்று இருந்தால்தான் பதிவே நடக்கும். விற்ற பணத்தை வெளியே எடுக்கவும் அதே சான்று கைகொடுக்கும். அந்த ஒற்றைத் தாளைத் தொலைத்தால் வரும் அலைச்சலை நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, வரி. வீட்டின் வருமானத்துக்கு முதலில் வரி விதிக்கும் உரிமை வீடு இருக்கும் நாட்டுக்கே என்பது இரட்டை வரிவிதிப்புத் தவிர்ப்பு ஒப்பந்தங்களின் பொது விதி. அதற்குப் பிறகு நீங்கள் வசிக்கும் நாடும் உலகளாவிய வருமானத்துக்கு வரி கேட்கும் நாடாக இருந்தால், வீடு இருக்கும் நாட்டில் கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டுவீர்கள். கழிக்க வேண்டுமானால் அப்படிக் கட்டியதற்கான சான்று வேண்டும்.

வரி எப்படி வருமானத்தைத் தின்னும் என்பதை, மேலே பார்த்த அதே வீட்டை அமெரிக்காவில் வைத்துப் பாருங்கள். அங்கே வசிக்காத வெளிநாட்டவருக்கு, எதுவும் செய்யாமல் விட்டால், மொத்த வாடகையில் 30 சதவீதம் பிடித்தம். வசூலான 11,000இல் 3,300 போகும். நிகரமாக எண்ணிவைத்த 6,400இல் மிஞ்சுவது 3,100. ஆனால் வாடகையைத் தொழில் வருமானமாகக் கருதும்படி வரிப் படிவத்தில் தேர்ந்தெடுத்து, நிர்வாகியிடம் டபிள்யூ-8இசிஐ என்ற படிவத்தையும் கொடுத்துவிட்டால், செலவுகளைக் கழித்து மிஞ்சுவதற்கு மட்டும்தான் வரி. குடியிருப்புக் கட்டடத்தின் விலையை 27.5 ஆண்டுகளில் தேய்மானமாகவும் கழிக்கலாம். நிலத்தை நீக்கிக் கட்டடத்தின் மதிப்பு 1,50,000 என்றால் ஆண்டுக்குச் சுமார் 5,450. வரிக்குரிய வருமானம் 1,000க்கும் கீழே வந்துவிடும். கடன் வட்டி இருந்தால் இன்னும் குறையும். கழித்த தேய்மானம் விற்கும்போது வரிக் கணக்கில் திரும்பச் சேர்க்கப்படும் என்பதும் நினைவிருக்கட்டும். விற்கும் நாளில், பொதுவாக, வாங்குபவர் விலையில் 15 சதவீதத்தைப் பிடித்து வரித்துறைக்குக் கட்டுவார். உங்கள் உண்மையான வரி குறைவானால் படிவம் தாக்கல் செய்து திரும்பப் பெற வேண்டும். ஒரே வீடு, ஒரே வாடகை, ஒரு படிவத்தில் இவ்வளவு வித்தியாசம். அந்த நாட்டு வரி ஆலோசகருக்குக் கொடுக்கும் கட்டணத்தை மிச்சப்படுத்தாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

இங்கிலாந்தில், வெளிநாட்டில் வாழும் உரிமையாளரின் வாடகையிலிருந்து சில செலவுகள் போக 20 சதவீதத்தை வாடகை முகவர் பிடிப்பார். விண்ணப்பித்து அனுமதி வாங்கினால் பிடித்தமின்றிப் பெற்று, பிறகு கணக்குக் காட்டி வரி கட்டலாம். மறைத்துவிடலாம் என்ற நினைப்பு யாருக்கும் வேண்டாம். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் இன்று வங்கிக் கணக்குத் தகவல்களைத் தமக்குள் பரிமாறிக்கொள்கின்றன. இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டு வீட்டை வருமான வரிப் படிவத்தில் காட்டாமல் விட்டால், 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க இடமிருக்கிறது.

நான்காவது, நாணயம். வாடகை எந்த நாணயத்தில் வருகிறதோ அதே நாணயத்தில் கடன் இருக்கட்டும். போலந்திலும் ஹங்கேரியிலும் ஏராளமான குடும்பங்கள் வட்டி குறைவு என்று சுவிஸ் பிராங்கில் வீட்டுக் கடன் வாங்கின. 2008 நெருக்கடியில் பிராங்க் ஏற ஆரம்பித்தது. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி, ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்க் என்று காத்துவந்த வரம்பைக் கைவிட்டதும் பிராங்கின் மதிப்பு சில நிமிடங்களில் எகிறியது. சம்பளத்தை ஸ்லோட்டியில் வாங்கிக் கடனைப் பிராங்கில் வைத்திருந்த போலந்துக் குடும்பங்களின் கடன் பாக்கி ஒரே நாளில் ஏறியது. ஹங்கேரி அரசு அதற்குச் சற்று முன்புதான் சட்டம் போட்டு அந்தக் கடன்களை உள்நாட்டு நாணயத்துக்கு மாற்றத் தொடங்கியிருந்தது. அந்தக் குடும்பங்கள் செய்த கணக்கில் வட்டி சரியாகத்தான் இருந்தது, நாணயம் விடுபட்டிருந்தது. உங்கள் கணக்கில் நாணயம் 20 சதவீதம் பாதகமாக நகர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள்.

ஐந்தாவது, அங்கே உங்கள் கண்ணும் கையுமாக இருக்கப்போகும் நிர்வாகி. வீட்டுக்கு முன்பே நிர்வாகியைத் தேடுங்கள். குறைந்தது மூன்று பேரிடம் பேசி, வாடகை வராவிட்டால் என்ன செய்வார்கள், எந்தத் தொகைக்கு மேல் உங்களிடம் கேட்காமல் பழுதுபார்க்க மாட்டார்கள், வாடகைப் பணம் தனிக் கணக்கில் இருக்குமா என்று கேளுங்கள். அவர்கள் நிர்வகிக்கும் வேறு வீட்டு உரிமையாளர்கள் இரண்டு பேரோடு நேரில் பேச வேண்டும் என்று கேளுங்கள். தயங்கினால் அடுத்தவரிடம் போய்விடலாம். ஒரு முறையாவது விமானம் ஏறிப் போய் வீட்டைப் பார்க்காமல் வாங்காதீர்கள். காணொளியில் தெருவின் வாடை வராது.

கட்டி முடிக்காத வீட்டை, "இரண்டு ஆண்டு வாடகைக்கு உத்தரவாதம்" என்று கண்காட்சி அரங்குகளில் விற்கிறார்கள். அந்த உத்தரவாத வாடகை பெரும்பாலும் விலையிலேயே ஏற்றப்பட்டிருக்கும். துபாயில் 2007ஆம் ஆண்டின் 8ஆம் எண் சட்டப்படி, கட்டுமானத்தில் இருக்கும் வீடுகளுக்கான பணம் அந்தத் திட்டத்துக்கென்றே திறந்த காப்புக் கணக்கில்தான் சேர வேண்டும். இப்படிப்பட்ட பாதுகாப்பு இருக்கிறதா, அந்தக் கணக்கு எண் எது என்று கேட்டு, அந்தக் கணக்குக்கு மட்டுமே பணம் அனுப்புங்கள். விசாவுக்காக வீடு வாங்குவதையும் நான் பரிந்துரைப்பதில்லை. போர்ச்சுகல் 2023 அக்டோபரில் வீடு வாங்கி விசா பெறும் வழியை மூடியது, ஸ்பெயின் 2025 ஏப்ரலில் மூடியது. விசா இல்லாமலும் அந்த வீட்டை வாங்குவீர்களா என்பதே கேள்வி.

கடைசியாக, வாங்கும் முன் யாரும் பேச விரும்பாத ஒன்று. நீங்கள் இல்லாத நாளில் அந்த வீடு யாருக்கு, எப்படிப் போகும்? அங்கே வசிக்காத, குடியுரிமை இல்லாத வெளிநாட்டவருக்கு இறந்தவரின் சொத்துக்கு அமெரிக்கா விதிக்கும் வரியில் விலக்கு வெறும் 60,000 டாலர். அதற்கு மேற்பட்ட மதிப்புக்கு 26 முதல் 40 சதவீதம் வரை வரி ஏறும், ஒப்பந்தம் உள்ள நாட்டவருக்கு மட்டும் சலுகை உண்டு. பிரான்சில் பிள்ளைகளுக்குச் சொத்தில் சட்டப்படியான பங்கு உண்டு, உயிலால் அதை எளிதில் மாற்ற முடியாது. யார் பெயரில் வாங்குவது, துணைவரோடு கூட்டாகவா, நிறுவனத்தின் பெயரிலா என்பதை இதை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். பதிவுக்குப் பிறகு பெயர் மாற்றினால் மறுபடியும் தீர்வையும் வரியும் வரும். வீடு இருக்கும் நாட்டுச் சட்டப்படி அந்த வீட்டுக்கென்று தனி உயில் எழுதி, அது மற்ற உயிலை ரத்து செய்யாதபடி வழக்கறிஞரிடம் வாசகத்தைச் சரிபார்த்து, பத்திரம், வங்கிச் சான்று, வரி ரசீதுகளோடு ஒரே கோப்பில் வையுங்கள். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, நிர்வாகியின் தொலைபேசி எண் என்ன என்பதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவையுங்கள்.